கிரேட்டர் லேக்கா, பாலைனாவா? எரிமலை ஏரியைச் சைக்கிளில் சுற்ற நினைப்பவருக்கு

கேள்வி: போர்ட்லேண்ட் பக்கம் வசிக்கிறோம். இந்தக் கோடையில் ஓரிகனின் கிரேட்டர் லேக்கை மவுண்டன் பைக்கில் ஒரு சுற்று சுற்றிவர ஆசை. மொத்தம் 33 மைல் என்று படித்தேன். வாரக் கடைசியில் தார்ச்சாலையில் 20 மைல் ஓட்டுவேன். மண்பாதை அனுபவம் கொஞ்சம்தான். என்னிடம் இருப்பது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில். மனைவியிடம் இ-பைக் இருக்கிறது, அவரும் வருகிறார். ஜூன் கடைசி வாரம் விடுமுறை. எங்கே தொடங்கி எந்தத் திசையில் போவது? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரேட்டர் லேக்கைச் சுற்றிவர மவுண்டன் பைக்குக்கு மண்பாதை கிடையாது. அது தேசியப் பூங்கா. ஓரிரு சின்ன விதிவிலக்கு தவிர, அங்குள்ள நடைபாதைகளில் சைக்கிளை இறக்கவே கூடாது. நீங்கள் படித்த 33 மைல் (53 கி.மீ.) ரிம் டிரைவ் என்ற தார்ச்சாலையின் நீளம். அதை ஓட்டலாம், அருமையான சாலைதான். ஆனால் அதற்கு மவுண்டன் பைக் தேவையில்லை. ஏரியும் வேண்டும், மண்பாதையும் வேண்டும் என்றால் அங்கிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய 2 மணி நேரம் போங்கள். பெண்ட் நகருக்குத் தெற்கே, லா பைன் ஊருக்குப் பக்கத்தில், நியூபெரி எரிமலை இருக்கிறது. அதன் மேல் இரண்டு ஏரிகள். சுற்றிலும் 21 மைல் (34 கி.மீ.) நீளத்துக்கு கிரேட்டர் ரிம் டிரெயில் என்ற விளிம்புப் பாதை. அதில் சைக்கிள் ஓட்டலாம்.

இரண்டு ஏரிகளில் பெரியதன் பெயரை எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'பாலினா' என்று வரும். உள்ளூர்க்காரர்கள் 'பாலைனா' என்கிறார்கள். நம் காதில் பாலை என்று விழுவதும் ஒருவகையில் பொருத்தம்தான். கீழே இரண்டு ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் விளிம்புப் பாதையில் ஒரு சொட்டு கிடைக்காது.

ஏரி என்றால் கரையோரமாகச் சமதளத்தில் போய்வரலாம் என்று நினைத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே கரை வேறு, விளிம்பு வேறு. கிரேட்டர் லேக், நியூபெரி இரண்டுமே வெடிப்பு தோண்டிய வெறும் பள்ளம் அல்ல. அடியில் இருந்த கற்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்ததும் மேலிருந்த மலை தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உள்ளே இடிந்து விழுந்தது. மசாமா என்ற மலை ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன் இப்படி விழுந்த குழியில்தான் 594 மீட்டர் ஆழத்தோடு கிரேட்டர் லேக் நிற்கிறது. நியூபெரி அதைவிடப் பழையது, அதன் குழி விழுந்து ஏறக்குறைய 75,000 ஆண்டுகள். இடிந்து விழுந்தால் மிச்சமாக நிற்கும் விளிம்பு கிண்ணத்தின் விளிம்புபோல ஒரே மட்டத்தில் இருக்காது. உடைந்த பானையின் வாய் மாதிரி ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

நியூபெரியில் அந்தப் பானைவாய் மேற்குப் பக்கம் நன்றாகவே உடைந்திருக்கிறது. பாலைனா ஏரியின் உபரி நீர் அந்த வழியாகத்தான் ஓடையாக வெளியேறி, சற்றுத் தூரத்தில் இரட்டை அருவியாக விழுகிறது. சாலையும் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது, காரை நிறுத்துவதும் அங்கேதான். ஆக, விளிம்பிலேயே தாழ்ந்த இடத்தில் தொடங்குகிறீர்கள், ஏரி மட்டம் 1,930 மீட்டர். பக்கத்திலேயே தெற்கில் விளிம்பின் மிக உயரமான பாலைனா சிகரம், 2,434 மீட்டர். உடம்பு சூடாவதற்குள் அன்றைய கடுமையான ஏற்றம் வந்துவிடும். சுற்று முழுவதும் சேர்த்தால் ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம் இருக்கிறது. நீங்கள் தார்ச்சாலையில் ஓட்டும் 20 மைலை இதனுடன் ஒப்பிடவே வேண்டாம். ஓய்வையும் சேர்த்து 6, 7 மணி நேரம் ஒதுக்குங்கள்.

அந்த முதல் ஏற்றத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மண்பாதையில் ஏறினால் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சிகரத்துக்குப் போகும் 4 மைல் சரளைச் சாலையில் ஏறுங்கள். செங்குத்துதான், கார்கள் புழுதி கிளப்பும்தான், ஆனாலும் சக்கரம் சுழலும். சாலை விளிம்புப் பாதையைச் சந்திக்கும் இடத்தில் திரும்பி, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுங்கள். வடக்கு விளிம்பிலிருந்து ஏரியை நோக்கி வரும் கடைசி இறக்கம் அன்று பட்ட பாட்டுக்கெல்லாம் பரிசு. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அந்தப் பரிசையே ஏறிக் கழிப்பீர்கள்.

இனி மண். எரிமலைப் பாதையின் குணமே அதன் மண்தான், உங்களுக்குப் பழக்கமில்லாததும் அதுதான். மேலே கிடப்பது நுரைக்கல். கற்குழம்பு வெளியே தெறிக்கும்போது அதனுள் இருந்த வாயு நுரைத்து, அந்த நுரையோடு உறைந்த கல். ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கோடை வெயிலில் காய்ந்துவிட்டால் பாதை நெடுக உருண்டைத் தானியத்தைக் கொட்டிவைத்தது மாதிரி ஆகிவிடும். ஏற்றத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் 'சரக்' என்று ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இறக்கத்தில் முன்சக்கரம் திடீரென்று புதைந்து ஹேண்டில் தானாக ஒரு பக்கம் திரும்பும். பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் விழுவது உறுதி. நுரைக்கல் முழங்காலைத் தேய்க்கும் விதம் எனக்கு நன்றாகவே தெரியும். குதிகால் தேய்க்க நாம் அதைத்தானே வைத்திருக்கிறோம்!

செய்ய வேண்டியது எளிது, பழகத்தான் நாளாகும். ஏற்றத்தில் இலகுவான கியரில், சீட்டை விட்டு எழாமல், ஒரே சீராக மிதியுங்கள். மணல் ஆழமான இடத்துக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே போனபின் பிரேக்கைத் தொடாமல், உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைத்து விட்டுவிடுங்கள். ஹேண்டில் கொஞ்சம் ஆடட்டும், இறுக்கிப் பிடிக்காதீர்கள். டயர் குறைந்தது 2.2 அங்குல அகலம் இருக்க வேண்டும், 2.4 இருந்தால் நிம்மதி. டியூப்லெஸ் என்றால் உங்கள் எடையைப் பொறுத்து டயரின் காற்றழுத்தத்தை 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். உள்ளே டியூப் போட்டிருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள், கல்லில் மோதி டியூப் ரிம்மில் நசுங்கும். உங்கள் ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். இங்கே உங்களைச் சோதிக்கப்போவது பெரிய பாறைகள் இல்லை, தூரமும் மணலும்தான்.

மழை பெய்தால் பாதை கெட்டுவிடும் என்பதுதான் நம் பொதுவான எண்ணம். நுரைக்கல் மண்ணில் கதை தலைகீழ். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கிவிடும், சேறாகாது. ஈரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பாதை கெட்டியாகும். ஆகவே மழைக்கு மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

டயருக்கு இன்னொரு எதிரி எரிமலைக் கண்ணாடி. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த பெரிய கருங்கண்ணாடிப் பாறைவெளி அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. விரல்நக அளவு சில்லு போதும், டயரின் பக்கச்சுவரைக் கத்திபோல் கிழித்துவிடும். ஒருமுறை என் டயரில் அரை அங்குலக் கிழிசல். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் பால்போல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது, அடைபடவில்லை. கையில் பேட்ச் துண்டு இல்லை. கடைசியில் சாப்பிட்டுக் காலியான எனர்ஜி பார் உறையை நாலாக மடித்து உள்ளே வைத்து, டியூபைப் போட்டுத்தான் திரும்பினேன். டியூப்லெஸ்தானே என்று டியூபை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். பக்கச்சுவருக்கு உள்ளே வைக்கும் பேட்ச் துண்டு, ஓட்டையில் செருகும் பிளக், பம்ப் மூன்றும் பையில் இருக்கட்டும். அப்புறம், அந்தக் கண்ணாடிக் கல் அழகாக இருக்கிறது என்று ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளக் கூடாது, அங்கிருந்து எடுக்கத் தடை உண்டு.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். கூடுதல் என்று தோன்றும், கிழக்கு விளிம்புக்குப் போனதும் தோன்றாது. 2,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. மூச்சு வாங்கும், காற்றும் உலர்ந்தது, வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். போர்ட்லேண்டிலிருந்து வந்த அன்றே ஏறாமல் ஓர் இரவு மேலே தங்கிவிட்டு மறுநாள் தொடங்கினால் வித்தியாசம் தெரியும். ஜூலையிலும் இரவில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு வருவோம். உங்கள் ஜூன் கடைசி வாரம்தான் எனக்கு உறுத்துகிறது. கிரேட்டர் லேக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி கொட்டும். ரிம் டிரைவின் கிழக்குப் பாதி பல ஆண்டுகளில் ஜூலைக்கு முன் திறப்பதே இல்லை, அது திறக்காமல் முழுச் சுற்று கிடையாது. நியூபெரியிலும் அந்த வாரத்தில் நிழல் விழும் சரிவுகளில் பனித்திட்டுகளும், குளிர்காலத்தில் சாய்ந்த மரங்களும், கொசுப் படையும் இருக்கும். முடிந்தால் விடுமுறையை ஜூலை பிற்பாதிக்குத் தள்ளுங்கள். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வரக்கூடும், கிளம்பும் நாளன்று காற்றின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் இடியும் உண்டு. மொட்டை விளிம்பில் மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள். அதனால் காலை 7 மணிக்கெல்லாம் சக்கரம் உருள வேண்டும்.

செப்டம்பர் முடியுமா? கிரேட்டர் லேக்கில் அந்த மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் கிழக்கு ரிம் டிரைவைக் கார்களுக்கு மூடிச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடும் வழக்கம் இருக்கிறது. தேதியைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சாலையை ஓட்ட அதைவிட நல்ல நாள் கிடையாது. மற்ற நாட்களில் சாலையோரம் ஒடுக்கம், வளைவுகள் அதிகம், கார் ஓட்டுபவரின் கண் ஏரியில் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. அங்கேயும் மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஹார்ட்டெயிலில் போவதானால் முன் சஸ்பென்ஷனைப் பூட்டி, டயரில் காற்றை ஏற்றிக்கொண்டு, கடிகாரத் திசையில் சுற்றுங்கள். சுற்றின் பெரும்பகுதியில் குடிநீர்க் குழாய் இல்லை.

மனைவியின் இ-பைக் விஷயத்தில் கவனம். நியூபெரி வனத்துறை நிலம். அங்கே இ-பைக் மோட்டார் வாகனக் கணக்கில் வருகிறது. மிதித்தால் மட்டும் உதவும் வகையாக இருந்தாலும் விளிம்புப் பாதையில் விடமாட்டார்கள். கார் போகும் சாலைகளில் தடையில்லை. எனவே நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: காலையில் இருவரும் சேர்ந்து சரளைச் சாலையில் ஏறுங்கள். நீங்கள் விளிம்புப் பாதைக்குப் பிரிந்துவிடுங்கள், அவர் நேரே சிகரத்துக்குப் போய் இரண்டு ஏரிகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு இறங்கட்டும். (சரளையில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மெதுவாக, விட்டுவிட்டு.) பிறகு குழிக்குள் ஓடும் தார்ச்சாலையில் கண்ணாடிப் பாறைவெளி வரை போய், சைக்கிளைக் கீழே விட்டு, இரும்புப் படிகளில் நடந்து ஏறலாம்.

அதே சாலை கிழக்கு விளிம்பைத் தாண்டி வெளியேறும் இடத்தில் உங்கள் பாதை அதைக் குறுக்கே கடக்கிறது. கிட்டத்தட்ட பாதிச் சுற்று அங்கே முடியும். மதியம் அவர் காரில் தண்ணீரோடு அங்கே வந்து நிற்கட்டும். அந்த இடத்தில் நேர்மையாக உங்களையே கேட்டுப் பாருங்கள். மணி 1 தாண்டியிருந்தாலோ, தண்ணீர் தீர்ந்திருந்தாலோ, மேகம் கறுத்திருந்தாலோ காரில் ஏறிவிடுங்கள். பாதிச் சுற்றே 10 மைலுக்கு மேல்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுச் சுற்று அதிகம் என்று இப்போதே தோன்றினால் பாலைனா ஓடையோரமாக ஏறிவரும் 8.5 மைல் பாதை இருக்கிறது. 1826-ல் இந்த ஏரிகளுக்கு வந்த, விலங்குகளின் ரோமத்தோல் வாங்கி விற்ற வியாபாரி பீட்டர் ஸ்கீன் ஆக்டனின் பெயர் அதற்கு. அதில் சைக்கிளுக்கு ஏறுமுகம் மட்டுமே அனுமதி. இறங்குவது சாலை வழியாகத்தான். மண்பாதைக்குப் புதியவருக்கு அது நல்ல விதி. எதிரே யாரும் பறந்து வரமாட்டார்கள். முதல் நாள் இதை ஓட்டிப் பாருங்கள், நுரைக்கல் எப்படி என்று கால் தெரிந்துகொள்ளும்.

எந்தப் பாதையானாலும் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டியவர் சைக்கிள்காரர். குதிரையைக் கண்டால் இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, குரல் கொடுங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக நிற்கும் உருவம் மனிதன்தான் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

ஓட்டி முடித்தபின் பாலைனா ஏரியின் வடகிழக்குக் கரையில் சரளைக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறும் இடங்கள் உண்டு. ஏரியின் நீர்மட்டம் இறங்கும்போது நன்றாகத் தெரியும். வலித்த காலை அதில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் அந்தக் கரையோரப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கு ஒரு நல்ல பூட்டு எடுத்துப்போங்கள்.