சிட்னியில் வீட்டை நீட்டிக் கட்டவோ மாடி எடுக்கவோ கவுன்சில் அனுமதி இழுபறி இல்லாமல் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வீட்டு வரைபடம் போடும் தொழில் எனக்கு. நான் சொல்வது நியூ சவுத் வேல்ஸுக்கு மட்டும். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

முதலில் உங்களுக்கு டி.ஏ., அதாவது கவுன்சிலிடம் விண்ணப்பித்து வாங்கும் திட்ட அனுமதி, தேவையா என்று பாருங்கள். எல்லா அளவுகளும் மாநில விதிக்குள் அடங்கினால், கவுன்சிலுக்குப் போகாமல் தனியார் சர்டிஃபையரிடமே (கட்டடச் சான்று தர உரிமம் பெற்றவர்) சி.டி.சி. எனும் விதிப்படியான வேலைக்குரிய சான்றிதழை வாங்கலாம். 450 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் 60 சதுர மீட்டர் வரையிலான கிரானி ஃபிளாட்கள் (அதே மனையில் கட்டும் சிறு தனி வீடுகள்) பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஆனால் ஓர் அளவு இடித்தாலும் பொதுவாக சி.டி.சி. கிடையாது. டி.ஏ.வில் வாதாட இடம் உண்டு. கவுன்சிலின் டி.சி.பி. (கட்டட வடிவமைப்பு விதித் தொகுப்பு) ஒரு வழிகாட்டிதான். அதன் நோக்கம் வேறு வழியில் நிறைவேறினால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1979ஆம் ஆண்டு மாநிலத் திட்டமிடல் சட்டத்தின் 4.15 பிரிவே சொல்கிறது. எல்.இ.பி.யில் (சட்ட வலுவுள்ள உள்ளூர்த் திட்டம்) உள்ள உயர வரம்பை மீறுவது அவ்வளவு சுலபமில்லை. அதற்குத் தனியாக எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்.

அடுத்தது, பலர் கடைசியில் யோசிக்கும் விஷயம்: மழைநீர். மனை தெருப் பக்கம் சரிந்தால் கவலையில்லை, குழாய் போட்டு நீரைத் தெருவுக்கு விட்டுவிடலாம். பின்பக்கம் சரிந்தால்தான் வம்பு. கூரைத் தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் நிலம் வழியாகப் போக ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தில் குழாய் போடும் பதிவு செய்த உரிமை) வேண்டும். அவர் மறுக்கலாம், பணம் கேட்கலாம். மண்ணிலேயே உறிஞ்ச விடலாம் என்றால், இந்தப் பக்கத்துக் களிமண்ணில் அது லேசில் நடக்காது. பம்ப் வைத்துத் தெருவுக்கு ஏற்றுவதைக் கவுன்சில்கள் விரும்புவதில்லை. அதனால் சமையலறை எங்கே என்று வரைவதற்கு முன்பே சர்வே எடுத்து, ஹைட்ராலிக் இன்ஜினியரிடம் (வடிகால் வடிவமைப்பவர்) காட்டிவிடுங்கள். அழகான வரைபடங்கள் மாதக்கணக்கில் இந்த ஒரு குழாய்க்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாடி என்றால் நிழல். இங்கே சூரியன் வடக்குப் பக்கம் போவதால் அடி வாங்குவது உங்களுக்குத் தெற்கே இருக்கும் வீடு (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது குழப்பும்). ஜூன் 21 அன்று காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் எங்கே விழுகிறது என்று வரைந்து கொடுக்க வேண்டும். உங்கள் விண்ணப்பம் பற்றி அக்கம்பக்கத்தாருக்குக் கவுன்சில் கடிதம் போவதற்கு முன்பே அந்த வீட்டுக்காரரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். எத்தனை பேர் ஆட்சேபித்தார்கள் என்பதைவிட, என்ன காரணம் சொன்னார்கள் என்பதே முக்கியம். நிழல், தனிமை, உயரம் எல்லாம் எடுபடும். "என் வீட்டு விலை குறையும்" என்பது பொதுவாக எடுபடாது.

உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் கவுன்சில் அதிகாரியான பிளானர் கடைசியில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதியாக வேண்டும். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு உங்கள் எஸ்.இ.இ. அறிக்கையிலேயே (வேலையின் பாதிப்புகளை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுப்பது) பதில் இருக்கட்டும். "எந்தப் பாதிப்பும் இல்லை" என்று ஒரே வரியை எல்லாத் தலைப்பிலும் ஒட்டினால் கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வரும். எங்கே விதி மீறுகிறது, ஏன் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பொதுவாக 40 நாளில் முடிவு வராவிட்டால் மறுத்ததாகக் கருதி நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு வீட்டு வேலைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பிளானரைத் தொலைபேசியில் பிடித்து, எது தடுக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம், டி.ஏ. கிடைத்த மறுநாளே தோண்டிவிடாதீர்கள். கட்டுமானச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.