கீமோவுக்குப் பின் குருதியில் கன்டிடா: உடம்பு ஏன் எதிர்க்கவில்லை?

வணக்கம். புதுக்குடியிருப்பிலுள்ள உங்கள் தாயாருக்குக் கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் பின் வந்த காய்ச்சல் நுண்ணுயிர்கொல்லிக்கு அடங்கவில்லை, குருதி வளர்ப்புப் பரிசோதனையில் கன்டிடா பங்கசு காணப்பட்டது, உடம்பு ஏன் அதை எதிர்க்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

எதிர்க்க வேண்டிய கலங்கள் போதிய அளவில் இல்லை என்பதே நேரான பதில். கன்டிடா பலரது குடலில் தொல்லையின்றி வாழ்வது. அது குருதிக்குள் புகுந்தால், அதன் சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைப் பொருளை, தம் மேற்பரப்பிலுள்ள டெக்டின்-1 போன்ற ஏற்பிகளால் இனங்கண்டு விழுங்குபவை முக்கியமாக நியூட்ரோபில், மக்ரோபேஜ் எனும் வெண்குருதிக் கலங்கள் ஆகும். விழுங்க முடியாதபடி பங்கசு இழையாக நீண்டுவிட்டால், நியூட்ரோபில்கள் தமது டிஎன்ஏயையே வலையாக வெளியே வீசி அதை மடக்குகின்றன. இக்கலங்களை உருவாக்கும் என்பு மச்சையைக் கீமோ ஒடுக்குவதால், நியூட்ரோபில் எண்ணிக்கை மைக்ரோலீற்றருக்கு 500க்குக் கீழே இறங்கும்போது இந்தப் பாதுகாப்பு பெரிதும் குலைந்துவிடுகிறது. போதாததற்குக் கீமோ குடற்சுவரையும் புண்ணாக்கி வழிவிடுகிறது, நுண்ணுயிர்கொல்லியோ கன்டிடாவுடன் போட்டியிடும் பற்றீரியாக்களைக் கொல்லுமே தவிரப் பங்கசைத் தொடாது.

பெருநாளத்தில் குழாய் பொருத்தியிருந்தால் அதை அகற்ற வேண்டுமா, கண் பரிசோதனை எப்போது என்று வைத்தியரிடம் கேளுங்கள். குருதியில் பங்கசு இல்லையென உறுதியான பின்னரும் வழமையாக 14 நாட்கள் மருந்து தொடரும். காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தக் கேட்காதீர்கள். மூலிகைக் குடிநீர் இப்போது வேண்டாம்.

வீடு திரும்பிய பின், நியூட்ரோபில் எண்ணிக்கை ஏறும்வரை சூடடிக்கும் இடத்துக்கும் பூஞ்சணம் பிடித்த வைக்கோலுக்கும் அருகில் அவரை விடாதீர்கள்; அந்தத் தூசியில் அஸ்பெர்ஜிலஸ் என்ற வேறொரு பங்கசின் வித்திகள் இருக்கும், அவை மூச்சுவழியே நுரையீரலைத் தாக்கக்கூடியவை.