கோத்தகிரி மழைச் சத்தம், அட்டை ஒன்று 120 ரூபாய்

கேள்வி: நீலகிரியில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இங்கே கேட்கும் பறவைச் சத்தம், மலைவாழ் மக்களின் பாட்டு இதையெல்லாம் பதிவு செய்து, வருகிறவர்களுக்கு நினைவுப் பொருளாக விற்கலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை பணம் போனது, இரண்டாம் தடவை மானம் போனது, மூன்றாம் தடவைதான் ஏதோ ஓடுகிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கோத்தகிரியில் எங்களுக்கு டீத்தூள், தேன், தைலம் விற்கிற சின்னக் கடை. மலையை விட்டு இறங்குகிறவர்கள் கையில் இருப்பது வர்க்கி, சாக்லேட், தைலம், டீத்தூள், இந்த நாலும்தான். ஐந்தாவதாக ஒன்று இருந்தால் என்ன என்று 2016ல் தோன்றியது. குருவிச் சத்தத்தைப் பதிந்து சிடி போட்டேன், 500 சிடி. அப்போதே புதுக் கார்களில் பாதியில் சிடி போட இடமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அது போகட்டும், பெரிய தப்பு உள்ளே இருந்தது. நான் பதிந்து கொடுத்தது மொட்டையாக இருக்கிறது என்று சொல்லி, மிக்ஸ் செய்து தந்தவர் அதன் மேல் புல்லாங்குழலும் கீபோர்டும் ஊற்றி, ஓடைச் சத்தம் போதவில்லை என்று தன்னிடம் இருந்த ஏதோ தண்ணீர்ச் சத்தத்தையும் கலந்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வாங்கிப்போன ஒரு பெரியவர் அடுத்த சீசனுக்கு வந்தபோது கேட்டார்: "தம்பி, கோத்தகிரிக்குக் கடல் எப்ப வந்துச்சு?"

விற்றது அறுபதோ எழுபதோ. மீதியில் ஒரு கட்டு இப்போதும் பக்கத்து பீன்ஸ் தோட்டத்தில் குருவி விரட்டத் தொங்குகிறது. குருவிச் சத்தம் பதிந்த சிடியைப் பார்த்துக் குருவி ஓடுகிறது.

இரண்டாம் தடவை கையில் எடுத்தது பாட்டு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு படுகப் பாட்டி, எண்பது வயதுக்கு மேல், நல்ல குரல். பழைய பாட்டு ஏதாவது பாடுங்கள் என்று கேட்டேன், திண்ணையில் உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடினார். கையில் பணம் கொடுத்தேன், ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன், எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது என்று நினைப்பு. எனக்குப் படுகு பேச்சு காய்கறி வாங்குகிற அளவுக்குப் புரியும், பாட்டு புரியாது. மூன்றில் மெட்டு எது ரொம்பப் பிடித்ததோ அதை முதலில் வைத்து, பென் டிரைவில் போட்டுக் கடையில் டீத்தூளுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். ஒரு மாதம் கழித்து கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய பேரன் கடைக்கு வந்தான். "அண்ணா, இது எங்க தாத்தா இறந்தப்ப பாட்டி பாடி அழுதது. இத டீத்தூள் பக்கத்துல வச்சு விக்கிறீங்களே" என்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். கையெழுத்துப் போட்ட தாள் மேசை டிராயரில்தான் இருந்தது. அதை எடுக்க என் கை ஒரு கணம் போனது, இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. நல்லவேளை எடுக்கவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பழைய பாட்டு கேட்டாய், மனதில் வந்ததைப் பாடினேன் என்றார், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் கேள்வியில் "மலைவாழ் மக்களின் பாட்டு" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்களே, அதை முதலில் பிரியுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள், அவர்களோடு படுகர், ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனிப் பாட்டு. கோத்தர்களை எடுத்துக்கொண்டால் அவர்களுடைய ஊர் மொத்தமே ஏழுதான். நாதஸ்வரத்துக்குச் சின்னத் தம்பி மாதிரி ஒரு குழல், பறைகள், வளைந்த பித்தளைக் கொம்பு எல்லாம் சேர்ந்து கிளம்பினால் எதிர்மலை வரைக்கும் கேட்கும். ஆனால் சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு வாசிப்பது வேறு. சாவு மெட்டை வரவேற்பறையில் ஒலிக்கவிட்டு விருந்தாளிக்கு டீ கொடுக்கிற ஆளாக நீங்கள் ஆகிவிடக் கூடாது. எதை வெளியே கொடுக்கலாம் என்பதை வாசிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் தனி ஆளிடம் கேட்காமல் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு ஊரில் எனக்கு வேண்டாம் என்றே சொன்னார்கள், டீ கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வழிவழியாக வந்த பாட்டுக்கு ஆசிரியர் என்று யாரும் இல்லை, அதனால் யாருக்கும் உரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம், பாடியவருக்கு உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவர், வாசிக்கிறவர்களுக்கென்று தனி உரிமை இருக்கிறது, 50 வருடம் நிற்கும். 2012ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியும் கொடுக்க வேண்டும். நான் இப்போது பாடியவுடன் ஒரு தொகை, பிறகு விற்கிற ஒவ்வொரு அட்டைக்கும் 30 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், கணக்கு நோட்டு கடையிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, பதிந்ததை அவர்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டி, வீட்டு ஆட்கள் எல்லோரும் கேட்ட பிறகுதான் வெளியே விடுகிறேன். பேரன் வந்து நின்ற அன்றைக்குக் கற்றது.

சரி, இப்போது ஓடுவது என்ன என்றால், அட்டை. போஸ்ட் கார்டு அளவில் கனமான அட்டை, முன்பக்கம் படம், பின்பக்கம் க்யூஆர் கோடு. பிளாஸ்டிக் உறை கிடையாது, நம் மாவட்டத்தில் அதற்கு எப்படியும் தடை. அச்சுக்கு அட்டை ஒன்று பன்னிரண்டு ரூபாய் ஆகிறது, 120க்கு விற்கிறேன். எந்த இடம், எந்த நாள், யார், இந்த மூன்றையும் அட்டையில் எழுத முடியாத சத்தத்தை விற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு அட்டையில் இப்படி இருக்கிறது: "லாங்வுட் சோலை வேலிக்கு வெளியே, ஏப்ரல் 11, காலை 5.50 முதல் 6.05 வரை. முதலில் விசில் அடிப்பது சீகாரப் பூங்குருவி. நாலாவது நிமிடத்தில் குரைப்பது கீழ்வீட்டு நாய்." அந்த நாயை வெட்டிவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன், வெட்டவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். "அமைதியான இயற்கை ஒலி" என்று எழுதினால் அது இணையத்தில் இலவசமாகப் பத்து மணி நேரம் கிடைக்கிறதே, உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?

வேலிக்கு வெளியே என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. லாங்வுட் சோலை காப்புக்காடு, 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். வியாபாரத்துக்குப் பதியப்போகிறேன் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சத்தத்துக்கு வேலி கிடையாது, காட்டோரத்தில் நின்றாலே நிறையக் கிடைக்கும். உங்கள் ஹோம்ஸ்டே முற்றம் போதும் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, தனிப் பறவையின் குரலைச் சுத்தமாகப் பிரித்து விற்காதீர்கள். நீலகிரிச் சிரிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மலையையும் ஒட்டிய உயரங்களையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதன் குரலை ஒருவர் வாங்கிப்போய் தொட்டபெட்டாவில் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால், தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று அது குஞ்சையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். படம் எடுக்கிறவர்கள் செய்கிற வேலை இது. காற்றும் தண்ணீரும் நாயும் நாலைந்து பறவையும் கலந்த பதிவாக இருந்தால் அந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. அதேபோல் செனோ-கான்ட்டோ மாதிரி பறவைக் குரல் பகிரும் இணையதளங்களிலிருந்து இறக்கி விற்கிற யோசனை வேண்டவே வேண்டாம். அங்கே பெரும்பாலானவை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமத்தில்தான் இருக்கின்றன.

பதியும் விஷயத்துக்கு வருவோம். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, அதன் மைக்குக்கு மாட்டும் ரோம உறை ஒன்று. உறை இல்லாமல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, காற்று மைக்கில் மோதி அடுப்பூதுகிற மாதிரிதான் பதியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள், பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி ஆகும். வாங்குகிறவருக்கு எம்பி3 ஆக்கிக் கொடுத்தால் போதும், 24 எம்பிக்குள் வந்துவிடும். ரெக்கார்டரை வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்து போய்விடுங்கள். என் முதல் வருடப் பதிவுகளில் பாதியில் என் மூச்சும் ஜெர்க்கின் உரசலும்தான் இருக்கின்றன. சனி ஞாயிறு வேண்டாம், மே மாதம் வேண்டவே வேண்டாம். மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசனில் மலைப்பாதை ஹாரன் விடிவதற்குள் ஆரம்பித்துவிடுகிறது.

வாங்குகிறவர் பெரும்பாலும் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார். கருமந்தியின் அடிவயிற்று ஹூ ஹூ, கோத்தர் பறையின் அடி இதெல்லாம் அந்த ஓட்டை ஸ்பீக்கரில் ஏறக்குறைய வராது. அதனால் "ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்" என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டேன். க்யூஆர் கோடை இலவசச் சேமிப்புத் தளத்தின் லிங்க்குக்கு நேராக அனுப்பாதீர்கள். ஒரு நாள் அந்த லிங்க் செத்துப்போய், விற்ற அட்டைகளில் 200 வெறும் அட்டையாகிவிட்டன. சொந்த டொமைன் ஒன்று வாங்கி அதன் வழியாக அனுப்பினால், கோப்பை எங்கே மாற்றினாலும் அட்டை உயிரோடு இருக்கும்.

எது விற்கிறது என்று கேட்பீர்கள். நான் குருவிதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின்தான் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், குன்னூரில் டீசலுக்கு மாறும். குன்னூர் ஸ்டேஷனுக்கு மேலே உறவினர் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பதிந்தேன், எஞ்சின் வளைவில் மூச்சு வாங்குவதும் விசிலும் அப்புறம் நிற்கிறபோது ஒரு பெருமூச்சும். ஸ்டேஷனுக்குள் போய்ப் பதிய வேண்டுமென்றால் ரயில்வே அனுமதி வேண்டும், மொட்டை மாடிக்கு அத்தையின் அனுமதி போதும்.

அதற்கு அடுத்தது மழை. தகரக் கூரையில் விழும் மழை, பின்னால் தூரத்தில் டீ ஃபேக்டரிச் சங்கு, நடுவில் எங்கள் அம்மா பாட்டு. எங்கள் குடும்பம் 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. ஆத்தா, அதாவது என் பாட்டி, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைக் கடைசி வரை லயம் என்றுதான் சொல்லும். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைக் கிண்டல் செய்து கொழுந்து கிள்ளுகிறபோது பாடிய பாட்டு அம்மாவுக்கு நாலைந்து தெரியும். நினைவுப் பொருள் என்றால் பழங்குடிப் பாட்டுதான் வேண்டும் என்று டூரிஸ்ட்டும் நினைக்கிறார், நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் வீட்டுப் பாட்டெல்லாம் நீலகிரிப் பாட்டு என்று எனக்கே தோன்றவில்லை. "இத எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று அம்மா கேட்டார். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் டூரிஸ்ட்டே இல்லை. இங்கே பிறந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகள், பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறபோது இரண்டு மூன்று அட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மாவுக்கும் 30 ரூபாய்க் கணக்கு உண்டு, மாதக் கடைசியில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பார், இரண்டு தடவை தப்பும் கண்டுபிடித்திருக்கிறார்.

நீங்கள் ஆரம்பிப்பதென்றால் பாட்டுப் பக்கம் உடனே போகாதீர்கள். ஜூனில் மழை பிடித்ததும் ஒரு ராத்திரி ரெக்கார்டரைத் திண்ணை ஓரம் கூரைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குங்கள், புதர்த்தவளைகள் கல்லைத் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று விடிய விடியக் கத்தும், விருந்தாளிகளுக்கு அது தவளை என்றே தெரியாது. பேட்டரி மட்டும் இன்னொரு செட் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.