அந்தப் பஞ்சு எதற்கு?

கேள்வி: கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறோம். உம்லாசியிலிருந்து 22 வயதுப் பெண் வீட்டு வேலைக்கு வருகிறாள். சென்ற வாரம் அவள் மாடியில் இருந்தபோது, கீழே அவளது பை சரிந்து மாத்திரை டப்பா ஒன்று உருண்டது. மூடி கழன்று, மாத்திரையோடு பஞ்சும் வெளியே வந்தது. பெயரைப் போனில் தேடினால் எச்.ஐ.வி. மருந்து என்கிறது. என் மூன்று வயது மகனுக்கு அவள்தான் சோறூட்டுகிறாள். பயமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. வேளாவேளைக்கு மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்கலாமா?
- ஆர்., டர்பன்

பதில்: கேட்காதீர்கள்.

முதலில் பயம். சோறூட்டுவதாலோ தூக்கிக் கொஞ்சுவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலைக்கு வந்துவிட்டவரிடமிருந்து உடலுறவில்கூடப் பரவாது. இன்னொன்று, மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுப்பதற்காகவே தினம் ஒரு மாத்திரை போடும் இளம்பெண்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். போனில் தேடினால் அதையும் எச்.ஐ.வி. மருந்து என்றுதான் காட்டும்.

எதுவானாலும் பஞ்சு ஒன்றுதான். டப்பா அசைந்தால் மாத்திரைகள் கலகலக்கும். நெருக்கியடித்து உட்காரும் மினிபஸ் டாக்ஸியில் மடியில் பையை வைத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் போதும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க. அதனால் பஞ்சு அடைப்பார்கள், வேறு டப்பாவுக்கு மாற்றுவார்கள், ஒவ்வொன்றாகக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போவார்கள். ஒரே அறையில் படுக்கும் தங்கைக்குத் தெரியக்கூடாது, காதலனுக்குத் தெரியக்கூடாது. இப்போது உங்களுக்கும்.

மருந்து முன்பைப் போலப் படுத்துவதில்லை. எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்தின் காலத்தில் தலைசுற்றலும் கெட்ட கனவுமாக இருக்கும். 2019 கடைசியிலிருந்து அங்கே டோலுடெகிராவிர் என்ற புது மருந்து சேர்ந்த மாத்திரை தருகிறார்கள். நாளுக்கு ஒன்று, சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம், அரசு கிளினிக்கில் இலவசம். விழுங்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு யாரும் பார்க்காத இடம் வேண்டும், கிளினிக் வரிசைக்கு அரை நாள் வேண்டும். சிகிச்சை சீரானவர்கள் சில மாத மருந்தைச் சேர்த்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. புதிதாகத் தொடங்கியவர்கள் நடையாய் நடக்கத்தான் வேண்டும். அந்தப் பெண் அடிக்கடி பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டிருக்கிறாரா? பாட்டி நன்றாகவே இருக்கலாம்.

நீங்கள் அக்கறையாகத்தான் கேட்பீர்கள். சம்பளம் உங்கள் கையில் இருப்பதால் அவர் காதில் அது மிரட்டலாக விழும். அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒருவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது. சட்டம் கிடக்கட்டும், அடுத்த ஃபிளாட் தோழியிடம் வாய் விடாதீர்கள். கணவரிடமும் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பதில் மாதம் ஒரு நாள், காரணம் கேட்காமல் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். பை வைக்கப் பூட்டுள்ள அலமாரி ஒன்றை ஒதுக்குங்கள். "விருந்தாளி வருகிறார்கள், இன்று ராத்திரி இருந்துவிட்டுப் போ" என்று கடைசி நேரத்தில் நிறுத்தாதீர்கள். மாத்திரை அவர் வீட்டில் இருந்தால் அன்றைய வேளை போச்சு. அப்புறம், சோர்வாகத் தெரிகிறாரே என்று நம் ஊர் வழக்கப்படி இரும்புச்சத்து மாத்திரையோ, நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசிலோ எடுத்து நீட்டிவிடாதீர்கள். டோலுடெகிராவிர் உடம்பில் சேர்வதை அவை குறைத்துவிடும். கிளினிக்கில் கேட்டு, நேரம் பிரித்துத்தான் போட வேண்டும்.

என்றைக்காவது அவராகவே சொன்னால், யாரிடமிருந்து வந்தது, எப்படி வந்தது என்று ஆரம்பிக்காதீர்கள். "சரி, அடுத்த கிளினிக் என்றைக்கு?" என்று கேட்டு, காலண்டரில் பேர் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.