ஆடும் பல், மரத்த உதடு: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: வயது 36. ஈறில் சீழோ இரத்தக்கசிவோ இல்லை. ஆனால் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு மாதமாக ஆடுகிறது. அந்தப் பக்க உதடும் மரத்திருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிடலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எக்ஸ்ரே பார்க்காமல் பிடுங்கவே வேண்டாம். ஈறு நோயோ அடியோ இல்லாமல் ஒரே ஒரு பல் ஆடினால், கோளாறு எலும்புக்குள் இருக்கக்கூடும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடுவதால், காரணமின்றி உதடு மரத்துப்போவதை நான் எப்போதும் அவசர அறிகுறியாகவே கொள்கிறேன். ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் கை, கால்களில் பெரும்பாலும் பதின்பருவத்தில் வரும். அரிதாகத் தாடையில் வரும்போது முப்பது வயதைத் தாண்டியவர்களிடமே அதிகம் தென்படுகிறது. எல்லாப் பல்லின் வேரைச் சுற்றியும் எக்ஸ்ரேயில் இயல்பாகவே மயிரிழைபோல, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கருங்கோடு தெரியும். எலும்பில் வேறு மாற்றம் தெரியுமுன்பே அந்தக் கோடு வேரின் இருபுறமும் ஒரே சீராக அகன்றிருப்பது இந்நோயின் தொடக்க அடையாளமாக இருக்கலாம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும் கோடு அகலும் என்பதால், முடிவைச் சொல்ல வேண்டியது திசுப் பரிசோதனைதான். இந்த வாரமே சென்று பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பல் பிடுங்கி ஆறு வாரமாகியும் குழி ஆறவில்லை, சதை வளர்கிறது. வெற்றிலை, சீவல், புகையிலைப் பழக்கம் உண்டு. (கும்பகோணம் வாசகர்)

பதில்: மூன்று, நான்கு வாரங்களில் ஈறு மூடியிருக்க வேண்டும். எலும்பிலேயே பிறக்கும் புற்றைவிட, ஈறில் தொடங்கித் தாடையை அரிக்கும் புற்றே நம் பகுதியில் மிக அதிகம். ஆகவே மறுபடியும் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துக் காத்திராமல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். அந்த மருந்தாலும் குழி ஆறாமல் போவதுண்டு. புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று வீட்டில் பலர் நம்புகிறார்கள். சீவலுக்குரிய பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: எக்ஸ்ரே எடுப்பதாலேயே புற்று வராதா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: இரு தாடைகளையும் முழுதாகக் காட்டும் ஓ.பி.ஜி. படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாகவே சில நாள்களில் நம் உடலில் படும் அளவுதான். தேவையான படத்தைத் தவிர்ப்பதில்தான் ஆபத்து அதிகம்.

கேள்வி: அப்பாவின் பல் செட் திடீரென ஒரு பக்கம் மட்டும் பொருந்தவில்லை. (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: செட்டைத் தேய்க்கச் சொல்லுமுன், அந்தப் பக்கத் தாடையை உள்ளும் புறமும் மருத்துவர் விரலால் தடவிப் பார்க்கட்டும், எலும்பு பருத்திருந்தால் முதலில் எக்ஸ்ரே, அதன் பிறகே செட்.