மாண்டலினில் பீட்டில்ஸ்

கேள்வி: அறுபதுகளின் ஆங்கிலப் பாடல்களை மாண்டலினில் வாசித்தால் கிட்டாரின் கனம் வருவதில்லையே, எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

பதில்: கனத்தைத் தேடாதீர்கள்; அது இந்த வாத்தியத்தின் இயல்பே அன்று. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் இயற்றி 1969-இல் வெளியான 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டில் தொடங்குங்கள். கிட்டாரின் 7-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியை, மாட்டி அவர் வாசித்ததால், அதன் ஒலி ஏறத்தாழ மாண்டலினின் உயரத்துக்கே வந்துவிடுகிறது. தொடக்கத்தின் முதல் நான்கு சுரங்களும் மாண்டலினின் 'ஏ' தந்தியிலேயே (மேல் சுரத்திலிருந்து இரண்டாவது ஜோடி), 4-ஆம் ஃபிரெட், விரல் வைக்காத வெறும் தந்தி, 2-ஆம் ஃபிரெட், மீண்டும் 4-ஆம் ஃபிரெட் என்று அமைந்துவிடுகின்றன (இரட்டைத் தந்திகளாதலால் இரண்டையும் சேர்த்தே அழுத்த வேண்டும்). மாண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடும் என்பதால், பாடகர் குரலை நீட்டும் இடங்களில் மட்டும் பிளெக்ட்ரத்தை (தந்தியை மீட்டும் சிறு வில்லை) மேலும் கீழுமாக வேகமாக ஓட்டிச் சுரத்தை நீட்டிப் பிடியுங்கள். பாட்டு முழுவதும் அப்படி ஓட்டினால் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.