காற்றாலைக்குக் காணி கேட்கிறார்கள், மரத்தில் கழுகுக் கூடு இருக்கிறது. என்ன செய்வது?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மன்னார் மாவட்டத்தில் குளத்தோரமாக அம்மாவின் சீதனக் காணி உண்டு. காற்றாலை போட நீண்டகாலக் குத்தகைக்குத் தரும்படி ஒரு தரகர் அடிக்கடி வருகிறார். அங்குள்ள மருதமரத்தில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகுச் சோடி வருடாவருடம் கூடு கட்டுகிறது. "கூடு இப்போது வெறுமைதானே, ஆய்வுக்கு ஆட்கள் வர முன்னம் மரத்தைத் தறித்துவிடுங்கள். மற்றக் கழுகுகளுக்குக் கமரா பூட்டுவார்கள்" என்கிறார். அம்மாவுக்கு மனமில்லை. கையெழுத்து வைக்கலாமா?

பதில்: மரத்தைத் தொடாதீர்கள். கையெழுத்தையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காணியைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, காற்று மின்சாரம் இந்த நாட்டுக்குத் தேவை. ஆனால் எந்தக் கோபுரம் எந்த இடத்தில் நிற்கும் என்று வரைபடத்தில் காட்டாமல் கையெழுத்துக் கேட்கிறவரிடம் பேச ஒன்றுமில்லை.

கழுகுக்குக் கூர்மையான கண், காற்றாடியைப் பார்த்து விலகாதா என்று பலர் கேட்பார்கள். இரை தேடும் கழுகு பறக்கும்போது கீழேதான் பார்க்கிறது. தலையைக் குனிந்தால் நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரிவதில்லை. மன்னார்த் தீவில் 2020 முதல் ஓடும் 'தம்பபவனி' காற்றாலையின் 30 கோபுரங்களிலும் சுழலி 126 மீற்றர் விட்டம் கொண்டது. தூரத்திலிருந்து மெதுவாகச் சுற்றுவது போலத் தோன்றினாலும், நல்ல காற்றில் இந்த அளவு சுழலியின் இறக்கை நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். வீட்டு மின்விசிறி வேகம் பிடித்ததும் அலகு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே, கழுகு கிட்டப் போகும்போதும் அப்படித்தான். கடற்கழுகு சாதாரணமாக இரண்டு முட்டைதான் இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அந்தக் குஞ்சும் சோடி சேரச் சில வருடங்கள் எடுக்கும். ஒரு பெரிய கழுகு செத்தால் அந்த இடம் லேசில் நிரம்பாது.

இனி அந்த 'வெறுங்கூடு' கதை. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கடற்கழுகு கூட்டை ஒரு பருவத்தோடு கைவிடுவதில்லை. அதே கூட்டுக்குத் திரும்பி வந்து, புதுச் சுள்ளி அடுக்கிப் பெருப்பிக்கும். ஆறு மாதம் வெறுமையாகக் கிடந்தாலும் அது ஆளுள்ள வீடு. சில சோடிகள் இரண்டு கூடு வைத்து மாறி மாறிப் பாவிப்பதும் உண்டு. அதனால் ஒரு வருடம் முழுக்க வெறுமையாக இருந்தாலும் கைவிட்ட கூடு என்று முடிவுகட்ட முடியாது. மரம் பட்டுச் சரிந்து, கூடு தானாக விழுந்திருந்தால் விஷயம் வேறு. ஆனால் அப்போதும் அந்தச் சோடி பக்கத்து மரத்தில்தான் இடம் தேடும். ஆக, மரத்தைத் தறித்தாலும் கழுகு ஊரை விட்டுப் போகாது, காற்றாடிகளுக்கு நடுவே அலையும். ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. இதே இனக் கழுகு வாழும் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில், கூடு கட்டும் பருவத்தில் கூட்டிலிருந்து 500 மீற்றருக்குள் வேலை செய்யாமல் இருக்கச் சொல்கிறார்கள். கூட்டிலிருந்து பார்த்தால் தெரியும் இடம் என்றால் ஒரு கிலோமீற்றர். அந்த அளவை நீங்களும் கேளுங்கள்.

இங்கே கடற்கழுகு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. மரம் தறித்ததற்காக நாளைக்கு விசாரணை வந்தால் காணிக்காரராக உங்கள் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். தரகர் தரகுக்காசோடு போய்விடுவார். முற்பணத்தோடு அவர் நீட்டும் இரண்டு பக்கக் கடிதத்திலும் அற்றோணித் தத்துவத்திலும் கவனமாக இருங்கள். காணி பல வருடம் கட்டுப்பட்டுப் போவது அங்கேதான். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம், உங்கள் சொந்தச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

தரகர் சொன்ன கமரா பொய்யில்லை. தஸ்மேனியாவின் கட்டில் ஹில் காற்றாலையில் 48 கோபுரங்களுக்கு 16 கமராத் தொகுதிகள் உண்டு. கழுகை அடையாளம் கண்டதும் காற்றாடியை நிறுத்தச் சொல்லும். அங்கும் சாவு முற்றாக நிற்கவில்லை. தவறான இடத்தில் நட்ட கோபுரத்தைக் கமரா திருத்தாது. கமரா இல்லாமலும் செய்யலாம். ஸ்பெயினின் தரிஃபா பகுதியில் ஆட்களை நிறுத்திப் பார்த்து, ஆபத்தான நேரம் மட்டும் காற்றாடியை நிறுத்தினார்கள். பிணந்தின்னிக் கழுகுகளின் சாவு ஏறக்குறைய பாதியானது, மின் உற்பத்தியில் இழப்பு 0.07 சதவீதம்தான். நட்டம் வரும் என்று கம்பனி முனகினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நோர்வேயின் ஸ்மோலாவில் நான்கு காற்றாடிகளிலும் தலா ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்பு அடித்ததில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நான்கே காற்றாடி என்பதால் அதையே முழுத் தீர்வாக நம்ப முடியாது. ஆனாலும் நிலத்தில் கிடக்கும்போதே இறக்கைக்கு வர்ணம் அடிக்கப் பெரிய செலவில்லை, கேட்டுப் பாருங்கள்.

திட்டத்துக்கான பறவை ஆய்வு அறிக்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எத்தனை மாதம் பறவை பார்த்தார்கள்? வலசைப் பறவைகள் வரும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும் பார்த்தால் போதாது. கடற்கழுகு வருடம் முழுக்க இங்கேயே இருப்பது. ஸ்கொட்லாந்தில் இப்படியான பறவைகளுக்கு இரண்டு வருடம் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே சில வார வேலையைத் தடித்த அட்டை போட்டுக் கொடுத்தாலும் வாங்கி வைக்கிறார்கள். இரண்டு, பக்கத்துக் காற்றாலையில் 'செத்த பறவை கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை தேடினார்கள் என்று கேளுங்கள். நாயும் நரியும் ஒரே இரவில் இழுத்துப் போய்விடும்.

திட்டம் 50 மெகாவாட்டைத் தாண்டினால் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வரவே வேண்டும். சரணாலயத்துக்குள் அல்லது அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் சிறியதும் வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 வேலைநாள் உண்டு. ஆனால் தடித்த புத்தகத்தை அலுவலகத்தில் வைத்துவிட்டு, கண்டுபிடிக்கிற வேலையைச் சனத்திடம் விடுகிறார்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திராதீர்கள். நீங்கள் கொழும்பில் இருப்பது இந்த இடத்தில் வசதி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் வனசீவராசிகள் திணைக்களமும் பத்தரமுல்லையில்தான் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோபுர வரைபடத்தையும் பறவை ஆய்வையும் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் திரும்ப வேண்டாம்.

எல்லாம் பார்த்துச் சம்மதமானால், குத்தகை உறுதியில் இவை எழுத்தில் இருக்கட்டும்: கூட்டிலிருந்து கோபுரத்துக்குள்ள தூரம், கழுகு கிட்ட வந்தால் காற்றாடியை நிறுத்தும் பொறுப்பு யாருடையது, செத்த பறவைக் கணக்கை உங்களுக்கும் தருவது, காணிக்குள் வரும் மின்கம்பிகளை நிலத்துக்கடியில் போடுவது. கம்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மீற்றர் அகலத்துக்கு இறக்கை விரிக்கும் கழுகு கம்பத்தில் இருந்து எழும்பும்போது ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டால் அந்த இடத்திலேயே கருகும்.

தரகர் அடுத்த முறை வர முன்னம் மரத்தையும் கூட்டையும் திகதி தெரியப் படம் எடுத்து, ஒரு கடிதத்தோடு வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கூடு இருப்பது பதிவாகிவிட்டால் மரத்தைத் தறிக்கச் சொல்லி யாரும் வரத் தயங்குவார்கள்.